கைதுனா ஆறும் ஒரு பட்டாசு ஃபோர்மேனும்

எங்கள் பக்கம் ஆற்றைக் கடக்க நீச்சல் தெரிய வேண்டியதில்லை. செருப்பு இருந்தால் போதும். மணல் சுடும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக ஃபோர்மேன் வேலை பார்க்கிற நான், ஐம்பத்து மூன்றாவது வயதில் நியூசிலாந்து போய் இரண்டு நாள் ரப்பர் படகில் உட்கார்ந்து ஆற்றில் போனேன். சும்மா ஓடுகிற ஆறு இல்லை, படி இறங்குவது போலக் குதித்துக் குதித்து இறங்குகிற ஆறு. கடைசிப் படி இரண்டு மாடி உயரம். முதல் நாள் நானாகக் குதித்தேன். இன்னொரு நாள் படகோடு விழுந்தேன். இரண்டும் ஒன்றுதானே என்று ஊரில் கேட்கிறார்கள். ஒன்று இல்லை.

கிளம்புவதற்கு முன் ஒரு பழைய விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற ரூம் சின்னது. நாலு பேருக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக் கொடுப்பது ஒன்றே ஒன்று. சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போடு, வெளியே குதி, திரும்பிப் பார்க்காதே. கையில் தங்கக் கட்டி இருந்தாலும் போடு. வெளியே போய் நின்று தலையை எண்ணு. இதைத் தினமும் காலையில் சொல்லுவேன். வாரம் ஒரு தடவை எல்லோரையும் குதிக்க வைத்து, நானும் குதித்துக் காட்டுவேன். எனக்கு அது வெறும் பழக்கம் இல்லை, இன்னொரு மூட்டு மாதிரி உடம்பிலேயே முளைத்துவிட்டது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் நிஜமாகவே குதிக்க வேண்டி வந்தது. தரையில் சிந்தியிருந்த மருந்து உரசிச் 'சுர்' என்றது. "வெளிய வாங்க" என்று கத்திவிட்டுக் குதித்தேன். உள்ளே இருந்த மூன்று பெண்களும் குதித்தார்கள். ரூம் போய்விட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. முத்துலட்சுமிக்கு மட்டும் ஒரு பக்கப் புருவம் கருகியது. அதுவும் மூன்று மாதத்தில் முளைத்துவிட்டது. உயிர் பிழைத்துவிட்டால் எங்கள் பக்கம் அடுத்த வேலை கேலி பேசுவது.

"அண்ணாச்சி கத்துனது என் காதுல விழுறப்ப, அண்ணாச்சி வேப்பமரத்தடியில நிக்கிறாக," என்று மறுநாள் டீ நேரத்தில் முத்துலட்சுமி ஆரம்பித்தாள். "ஆளு முன்னாடி போயிட்டாரு, சத்தம் பின்னாடி நடந்து வருது."

அது சுற்று வட்டாரம் முழுக்கப் பரவியது. கொஞ்ச நாளில் நானே அதை எல்லோரையும்விட நன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். கல்யாண வீடுகளில் கேட்டு வாங்கிச் சொல்ல வைப்பார்கள். என் மகள் பியூலா அப்போது பத்தாம் வகுப்பு. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"அப்பா, நீங்க அன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்தீகளா, கடைசியா வந்தீகளா?"

"எல்லாருக்கும் முன்னாடி மட்டும் இல்லம்மா. தீக்கும் முன்னாடி," என்றேன்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்புறம் கேட்கவும் இல்லை.

அந்தப் பியூலாதான் இப்போது நியூசிலாந்தில் ரோட்டோருவா என்ற ஊரில் நர்ஸ். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. தீபாவளி முடிந்து கம்பெனி கேட்டைச் சாத்தியதும் நானும் என் மனைவி ஜெபாவும் கிளம்பினோம். ஜெபா ஆமத்தூரில் டீச்சர். லீவு கிடைக்காது என்று நம்பியிருந்தேன். கிடைத்துவிட்டது.

நான் தினமும் கம்பெனிக்குக் கொண்டு போகிற பையையே கைப்பையாக எடுத்துக்கொண்டேன். நல்ல உறுதியான பை. விமான நிலையத்தில் ஒரு அதிகாரி வெள்ளைத் துணித் துண்டு ஒன்றால் அதைத் தடவி ஒரு பெட்டிக்குள் விட்டார். பெட்டி கத்தியது. இன்னொரு துண்டால் என் உள்ளங்கையைத் தடவினார். அதற்கும் கத்தியது. பெல்ட்டுக்குக் கத்தியது. செருப்புக்கு ரொம்ப நேரம் கத்தியது.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பட்டாசு சார். சிவகாசி."

திரும்பிப் பார்த்தால் ஜெபா நாலடி தள்ளி நிற்கிறாள். "நான் டீச்சர் சார்," என்றாள், யாரும் கேட்காமலே. முப்பது வருடக் குடித்தனம் நாலடியில் முடிந்துபோனது. பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, தையல் தையலாகப் பார்த்து, கடைசியில் விட்டார்கள். "புதுப் பை ஒண்ணு வாங்கிக்கங்க," என்றார் அதிகாரி. கைக்கு என்ன செய்வது என்று சொல்லவில்லை.

அந்தப் பக்கம் இறங்கினால் வேறு கதை. நியூசிலாந்தில் என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஜெபா கொண்டு வந்திருந்த கறிவேப்பிலையைப் பிடித்துக்கொண்டார்கள். வெடிமருந்து வாடை அடிக்கிற ஆளை உள்ளே விட்டு, கறிவேப்பிலையைப் பிடித்து வைக்கிற நாடு. ஜெபாவுக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அங்கிருந்து ரோட்டோருவாவுக்கு பஸ். வழியெல்லாம் பச்சை. பச்சைக்கு மேல் மாடு, மாட்டுக்குப் பின்னால் மறுபடி பச்சை. எங்கள் ஊரில் இவ்வளவு புல்லைப் பார்த்தால் யாரோ செத்துப்போய் நிலத்துக்கு வழக்கு நடக்கிறது என்று அர்த்தம். பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

முழிப்பு வந்தது மூக்கால். கந்தக வாடை. நல்ல கனமான வாடை. கண்ணைத் திறப்பதற்குள் எழுந்துவிட்டேன். "வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க," என்று கத்திக்கொண்டே ஓடி, டிரைவர் பக்கத்துக் கதவில் முட்டி நின்றேன். முப்பது வெள்ளைக்காரர்கள் என்னைப் பார்க்கிறார்கள். ஜெபா மடியில் பையோடு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"வந்து உக்காருங்க. எல்லாரும் பாக்குறாக."

டிரைவர் என் தோளைத் தட்டினார். அவர் சொன்னது பாதி புரிந்தது. "இது ஊர் வாடை. பூமிக்கு அடியில வெந்நீர். ரெண்டு நாள்ல பழகிடும்."

பழகுவதா. அந்த நாட்டில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அந்த வாடைதான். ஊருக்குள் சாக்கடை மூடியிலிருந்து ஆவி வருகிறது, பூங்காவில் சேறு கொதிக்கிறது, தேவாலயத்துக்குப் பக்கத்தில் புகைகிறது. மற்ற சுற்றுலாக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். நான் மூச்சை நன்றாக இழுத்து விட்டேன். எங்கள் கந்தகம் காய்ந்த கந்தகம். இது அழுகிய முட்டை போட்டுக் கரைத்த கந்தகம். ஒரே குடும்பம், வேறு வளர்ப்பு.

மறுநாள் மாவோரி மக்கள் வசிக்கிற ஒரு கிராமத்துக்குப் பியூலா கூட்டிப்போனாள். கொதிக்கிற ஊற்றில் வலைப்பையைத் தொங்கவிட்டு மக்காச்சோளம் அவிக்கிறார்கள். அடுப்பு இல்லை, விறகு இல்லை, கேஸ் இல்லை. உப்பும் வெண்ணெயும் தடவிக் கொடுத்தார்கள். நல்ல ருசி. மத்தியானம் பெட்ரோல் பங்கில் மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட 'பை' என்ற ஒரு பலகாரம் வாங்கிக் கொடுத்தாள். மேலே மொறுமொறுவென்று, உள்ளே கொழகொழவென்று சூடாக இருந்தது. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவைச் சால்னாவுக்குள் போடாமல் சால்னாவைப் பரோட்டாவுக்குள் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பியூலா விஷயத்தைச் சொன்னாள். "நாளைக்கு நீங்களும் நானும் கைதுனா ஆத்துல படகுல போறோம். இங்க வந்ததுல இருந்து உங்ககூடப் போகணும்னு வச்சிருந்தேன்."

"இவருக்குக் குளத்துல முங்கவே தெரியாது," என்றாள் ஜெபா.

"லைஃப் ஜாக்கெட் இருக்கும்மா."

"அதுக்கு நீச்சல் தெரியுமா?"

நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஜெபா வராவிட்டால் நான் வருகிறவன். அவள் வருகிறேன் என்றிருந்தால் யோசித்திருப்பேன்.

ஆறு ஊருக்கு வெளியே, காட்டுக்குள். படகு ஓட்டுகிறவர் ஹேமி. மாவோரி, நாற்பது வயது இருக்கும், ஆள் தேக்கு மரம். என்னை 'மட்டுவா' என்று கூப்பிட்டார். வயதில் மூத்த ஆணை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நம் அண்ணாச்சிதான். கைதுனா என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். "விலாங்கு மீன் சாப்பாடு," என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

கரையில் அரை மணி நேரம் பாடம் நடந்தது. முன் துடுப்பு, பின் துடுப்பு எல்லாம் சொல்லிவிட்டு ஹேமி முக்கியமானதுக்கு வந்தார். "நான் 'கெட் டவுன்'னு கத்துவேன். உடனே படகுக்குள்ளே குந்திடணும். ஒரு கையில கயிறு. இன்னொரு கையில துடுப்பு, நேரா மேலே தூக்கிப் பிடிக்கணும். எது நடந்தாலும் துடுப்பை விடக் கூடாது. எது நடந்தாலும் படகை விடக் கூடாது."

எல்லோரும் தலையாட்டினோம். நான் எல்லோரையும்விடப் பலமாக ஆட்டினேன்.

முன் வரிசையில் நானும் பியூலாவும். எங்களுக்குப் பின்னால் அண்ணன் தம்பி இரண்டு பேர், பால் லாரி டிரைவர்கள், ஆளுக்கு ஒரு லாரி கனம். கடைசியில் ஹேமி. தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஹேமி தன் மொழியில் ஒரு ஜெபம் சொன்னார். நான் கண்ணை மூடி ஆமென் சொன்னேன். எந்த மொழியில் சொன்னாலும் அந்த இடத்தில் ஆமென் சொல்லிவிடுவது நல்லது.

கொஞ்ச தூரம் சுகமாகப் போனது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், மேலே பெரணிச் செடிகள், தண்ணீர் பச்சைக் கண்ணாடி. நம்மால் முடியாதா என்று பியூலாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். முன்னால் ஆறு திடீரென்று இல்லாமல்போனது. சத்தம் மட்டும் இருந்தது. பின்னாலிருந்து ஹேமி கத்தினார்.

"கெட் டவுன்."

நான் கையில் இருந்ததைப் போட்டேன். வெளியே குதித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அவ்வளவு சுத்தமாக என் வாழ்க்கையில் குதித்ததில்லை. எங்கள் கம்பெனி ஆட்கள் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார்கள். ஒரே கஷ்டம், வெளியே வேப்பமரம் இல்லை.

தண்ணீருக்குள் என்ன நடந்தது என்று தெரியாது. மேலே வந்தபோது, கரையில் காவலுக்கு நின்றவர்கள் வீசிய ஒரு கயிறு என் முகத்தில் விழுந்தது. பிடித்தேன். மீன் மாதிரி இழுத்துக் கரையில் போட்டார்கள். படகு கீழே பத்திரமாக மிதக்கிறது. எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள். என் துடுப்பு மட்டும் தனியாக ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.

பால் லாரி அண்ணன் தம்பியிடம் கேட்டது காதில் விழுந்தது. "அவர் தண்ணியப் பாத்துப் பயந்து குதிச்சாரா?"

"தண்ணியப் பாத்துப் பயந்தா யாராவது தண்ணியில குதிப்பாங்களா. நம்மளப் பாத்துக் குதிச்சிருப்பாரு."

பியூலா முதலில் சிரித்தாள். அப்புறம் அவள் முகம் மாறியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் பையை இறக்காமல் நின்ற அதே முகம்.

ஹேமி மரியாதையாகத்தான் சொன்னார். "மட்டுவா, பெரிய அருவி இன்னும் கீழே இருக்கு. இன்னைக்கு நீங்க நடந்து வாங்க. கரையோரமாப் பாதை இருக்கு."

நடந்தேன். ஈர உடுப்பு சளக் சளக் என்றது. அருவிக்கு நேராக ஒரு பார்வை மேடை. இருபது முப்பது சுற்றுலாக்காரர்கள் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்கள். ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் போட்டு, படகு இல்லாமல், அவர்களுக்கு நடுவில் நான். ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம் கேட்டாள். "இவரு ஏன் அங்க இல்லாம இங்க இருக்காரு?"

அந்த அம்மா "உஷ்" என்றாள்.

மேலே படகு வந்தது. முன் வரிசையில் பியூலா மட்டும். அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. விளிம்பில் ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது, அப்புறம் தலைகுப்புற உள்ளே போனது. வெள்ளை நுரை மட்டும்தான். நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. படகு வந்தது. தலையை எண்ணினேன். நாலு. மறுபடி எண்ணினேன். நாலுதான்.

சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்து மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். மிளகாய்ப் பொடி என்ற ஒரு பொருள் உலகத்தில் இருப்பது அந்த மீனுக்குத் தெரியாது. ஜெபா கொஞ்ச தூரத்தில் கருப்பு அன்னங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கழிச்சு நான் மறுபடி போறேன்ப்பா," என்றாள் பியூலா. "நீங்க அம்மாகூடக் கடைக்குப் போங்க."

"நானும் வாரேன்."

"வேண்டாம்ப்பா. உங்களுக்குக் குதிக்கத்தான் வரும்."

கோபமாகச் சொல்லவில்லை. உங்களுக்குச் சர்க்கரை இருக்கு, ஸ்வீட் வேண்டாம் என்பது போலச் சொன்னாள். நான் பதிலுக்கு ஒரு ஜோக் எடுத்தேன். நல்ல ஜோக். தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"அன்னைக்கு நான் முன்னாடிதான் வந்தேன்," என்றேன். "முதல் ஆளா வந்தேன். நான் வாசல்ல நின்னேன் பியூலா. மருந்துத் தட்டை எடுக்கப் போனவன் வாசப்படியில நின்னேன். மூணு பேரும் எனக்குப் பின்னாடி. நான் மரியாதை பாத்து, நீங்க போங்க, நீங்க போங்கன்னு நின்னா அம்புட்டுப் பேரும் உள்ளேயே சாம்பல். வாசல்ல நிக்கிறவன் முதல்ல போகணும். அதான் கணக்கு. இன்னைக்கும் அதேதான் செய்வேன். யாரு சிரிச்சாலும் சரி."

பியூலா ஒரு கடற்காகத்துக்கு உருளைக்கிழங்கு ஒன்றைப் போட்டாள்.

"இத ஏன் அன்னைக்கே சொல்லல? நான் கேட்டேன்ல."

"வேடிக்கையாச் சொன்னாப் போதும்னு நெனச்சேன்."

"எனக்குப் போதல."

இரண்டாவது காகம் வந்தது. அதற்கும் போட்டாள். அப்புறம் சொன்னாள். "சரி, வாங்க. ஆனா ரூமு வேற, படகு வேற. படகுல துடுப்ப விட்டீகன்னா இனிமே உங்ககூட நான் எதுலயும் ஏற மாட்டேன். பஸ்லகூட."

முழுசாக ஒரு நாள் இருந்தது. இருபத்தாறு வருடத்தை ஒரு நாளில் அவிழ்க்க வேண்டும். ஜெபாவிடம் சொன்னேன். டீச்சர்களிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவள் முகத்தில் வந்த வெளிச்சம் கல்யாணத்தன்று வரவில்லை.

ஏற்பாடு இதுதான். நான் கையில் எதையாவது பிடித்திருக்கும்போது, எதிர்பாராத நேரத்தில் ஜெபா "கெட் டவுன்" என்று கத்துவாள். நான் அந்த இடத்திலேயே குந்தி, கையில் இருப்பதை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். முதல் தடவை காபி குடிக்கும்போது கத்தினாள். டம்ளரைப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

"உள்ள வாங்க," என்றாள் ஜெபா. "ஒண்ணு தப்பு."

பத்து மணிக்குள் ஒரு தட்டு, பியூலாவின் போன், அரை டஜன் முட்டை. ஜெபா ஒரு காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். துணி மடிக்கும்போது கத்தினாள், பல் விளக்கும்போது கத்தினாள். கடையில் சாமான் வண்டி தள்ளிக்கொண்டு போகும்போது பின்னால் வந்து கத்தினாள். வண்டியை விட்டேன், அது போய்ச் சோப்பு அடுக்கில் மோதியது. கடைக்காரப் பெண் ஓடி வந்தாள். "இவர் பயிற்சியில இருக்கார்," என்று ஜெபா இங்கிலீஷில் விளக்கினாள்.

மூன்று மணி வாக்கில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தேன். கத்தினாள். கை திறக்கப் போனது. திறக்கிற விரல்களை நான் பார்த்தேன். ஏலே, மூடு என்றேன். மூடின. குந்தி உட்கார்ந்தேன், துடைப்பம் உச்சிக்கு மேல் நிற்கிறது. ஜெபா காகிதத்தில் முதல் தடவையாக ஒரு டிக் போட்டாள்.

"எந்திரிங்க," என்றாள். "இன்னும் பத்துத் தடவ."

"முழங்கால் வலிக்கி ஜெபா."

"ஆத்துல உங்க முழங்காலுக்கு லீவு விடுவாகளா?"

மறுநாள் காலையில் ஹேமி என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். பியூலா மொழிபெயர்த்தாள். "முதல் இறக்கம் வரைக்கும் கூட்டிட்டுப் போறாராம். அங்கன துடுப்பு கையில இருந்தாத்தான் அருவி. இல்லன்னா மறுபடி நடையாம்."

"சரின்னு சொல்லு. அவரு துடுப்ப அவரு பத்திரமாப் பாத்துக்கிடச் சொல்லு."

அதை அவள் மொழிபெயர்க்கவில்லை.

அன்று பின் வரிசையில் ஒரு ஜெர்மன் புருசன் பெண்டாட்டி. படகில் மொத்தம் ஐந்து பேர். மறுபடி ஜெபம், மறுபடி ஆமென், மறுபடி பச்சைக் கண்ணாடி. கரையில் ஜெபா நின்றாள். பாதை வழியாக அருவிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். முதல் இறக்கம் வந்தது. ஹேமி கத்தினார். உடம்பு எழுந்தது, நிஜமாகவே எழுந்தது. பாதி தூரம் எழுந்த உடம்பைக் குந்த வைத்தேன். தண்ணீர் முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறந்தால் கையில் துடுப்பு.

ஹேமி பின்னாலிருந்து ஏதோ சொன்னார். மட்டுவா என்ற வார்த்தை மட்டும் கேட்டது. சொன்ன விதம் போதுமாக இருந்தது.

அப்புறம் நாலைந்து இறக்கம். ஒவ்வொன்றிலும் உடம்பு ஓட நினைத்தது, ஒவ்வொன்றிலும் அதோடு சண்டை போட்டேன். கடைசி வளைவு திரும்பியதும் ஆறு மறுபடி இல்லாமல்போனது. இந்தத் தடவை சத்தம் வேறு மாதிரி. பெரிய லோடு ஏற்றிய லாரி பூமிக்கு அடியில் போகிற மாதிரி. மேடையில் ஆட்கள் தெரிந்தார்கள். பியூலா என்னைப் பார்த்தாள். நான் விளிம்பைப் பார்த்தேன்.

"கெட் டவுன்."

போட மாட்டேன் என்று தமிழில் கத்தினேன். அருவிக்கு நான் சொன்னது கேட்டிருக்கும்.

விழுந்தோம். வெளிச்சம் போனது. மூக்கு, காது, வாய் எல்லாவற்றிலும் கைதுனா. ஒரு கையில் கயிறு, ஒரு கையில் துடுப்பு, வேறு எதுவும் எனக்குச் சொந்தமாக இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் வானம் வந்தது. படகு வந்தது. நான் அதற்குள் இருந்தேன்.

பழக்கம் சும்மா விடாது. தலையை எண்ணினேன். நான், ஜெர்மன்காரர், அவர் பெண்டாட்டி, ஹேமி. நாலு.

மறுபடி எண்ணவில்லை. நுரைக்குள் ஒரு சிவப்பு ஹெல்மெட் தெரிந்தது, ஆறேழு அடி தூரத்தில். பியூலா. தண்ணீர் அவளைப் பாறைப் பக்கம் இழுக்கிறது. ஹேமி பின்னால் ஏதோ கத்துகிறார். நான் படகு விளிம்பில் வயிற்றைக் கொடுத்துப் படுத்து, துடுப்பைத் திருப்பி, கைப்பிடிப் பக்கத்தை நீட்டினேன்.

"பிடிலே," என்றேன். மகளை நான் லே போட்டுக் கூப்பிட்டதில்லை.

பிடித்தாள். இழுத்தேன். கரையில் சொல்லிக் கொடுத்தபடியே லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தேன். படகுக்குள் என் மேலே வந்து விழுந்தாள். அவள் முழங்கை என் மூக்கில் பட்டது. இருமினாள். தண்ணீர் துப்பினாள். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள்.

"இன்னும் விடலையா நீங்க?"

"விட மாட்டேன்."

கரை ஏறி, படகைத் தூக்கி, வேனில் ஏறும் வரைக்கும் விடவில்லை. ஹேமி வந்து கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. வேன் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிப் போகிற வரைக்கும் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெர்மன்காரருக்கு இரண்டு தடவை மண்டையில் இடித்தது. மன்னிப்புக் கேட்டேன். துடுப்பைக் கொடுக்கவில்லை. பியூலா என் பக்கத்தில் உட்கார்ந்து, என் ஈரத் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

மேடையிலிருந்து ஜெபா ஒரே ஒரு படம் எடுத்திருந்தாள். அருவியின் அடியில் படகு முழுசாக முங்கியிருக்கிற நேரம். படத்தில் ஆள் இல்லை, படகு இல்லை. வெள்ளை நுரை, அதற்கு நடுவில் நேராக மேலே நிற்கிற ஒரே ஒரு துடுப்பு. பிரிண்ட் போட்டு எடுத்து வந்தேன். பிரிண்டுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை.

கம்பெனி திறந்த முதல் நாள், டீ நேரத்தில் முத்துலட்சுமி அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல நீங்க எங்க இருக்கீக அண்ணாச்சி?"

"துடுப்புக்குக் கீழ."

"அது நீங்கதான்னு எப்பிடி நம்புறது? உங்க கையில இருந்து சாமான் கீழ விழாம நாங்க பாத்ததே இல்லயே."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டு பெண்களையும் கூப்பிட்டு ரூம் வாசலில் நிறுத்தினேன்.

"சத்தம் கேட்டா கையில இருக்கிறதப் போடு. வெளிய குதி. திரும்பிப் பாக்காத. வெளிய போய்த் தலைய எண்ணு."

"அங்கன போயி அம்புட்டுக் கெட்டியாப் பிடிச்சிருந்தீகளாம்," என்றாள் முத்துலட்சுமி. "இங்கன நெஜமாச் சத்தம் வந்தா என்ன செய்வீக?"

"உனக்கு முன்னாடி குதிப்பேன்," என்றேன். "வாசல்ல நிக்கிறது நான்தான?"